கோலப்பொடியில் வரைந்த பார்

எங்கள் வீட்டு மாடியில் பத்தடிக்கு எட்டடி அறை ஒன்று இருக்கிறது. மகன் பெங்களூரு போகும்வரை அது அவன் படிக்கும் அறை. போன பிறகு பழைய செய்தித்தாள், கிரைண்டர் வந்த அட்டைப்பெட்டி, முப்பத்தோரு வருடம் நான் மாணவிகளுக்குப் போட்ட மதிப்பெண்களின் நோட்டுகள் எல்லாம் அங்கே குடியேறின. என் வீட்டுக்காரருக்கு மஞ்சள் வியாபாரம். சனிக்கிழமை மண்டிக் கணக்கு முடிந்ததும் அவரும் மூன்று நண்பர்களும் மொட்டை மாடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் குடிக்க உட்காருவார்கள். மழை வந்தால் நால்வரும் என் சமையலறைக்கு இறங்கிவிடுவார்கள். ஓர் ஐப்பசியில் மூன்று சனிக்கிழமை தொடர்ந்து மழை பெய்தது. மூன்றாவது சனிக்கிழமை என் குக்கர் மூடியைக் கவிழ்த்து அதில் ஐஸ் கட்டி நிரப்பி வைத்திருந்தார்கள். "மாடி அறையை எடுத்து ஒரு பார் ஆக்கிக்கொள்ளுங்கள். ஆனால் எப்படிக் கட்டுவது என்பதை நான்தான் முடிவு செய்வேன்" என்று அன்றைக்குச் சொன்னேன்.

நான் குடிப்பதில்லை. அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். ஈரோட்டில் 1921-இல் பெரியாரின் மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் கள்ளுக்கடை மறியலை முன்னின்று நடத்தியதை ஆண்டு விழாவில் நாடகமாகப் போட்டு, மாணவிகளுக்குக் கதர்ச்சேலை கட்டிவிட்டதும் நான்தான். "நாடகத்தில் மறியல், வீட்டில் பார்" என்று என் கொழுந்தனார் இன்னமும் சொல்லிச் சிரிக்கிறார். சிரிக்கட்டும். நண்பர்கள் மூவரும் மூலப்பாளையத்தில் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருப்பவர்கள். குடித்துவிட்டு யாரும் வண்டியைத் தொடாத ஏற்பாடு எதுவோ, அதற்கு என் ஓட்டு.

முதலில் ஊரில் பெயர் பெற்ற ஓர் உள்ளலங்கார நிறுவனத்தைக் கூப்பிட்டோம். பெயர் வேண்டாம். கழுத்துப்பட்டை கட்டிய இரண்டு இளைஞர்கள் வந்து, லேசர் கருவியைச் சுவரில் காட்டி, ஏழு நிமிடத்தில் அளந்து முடித்துவிட்டார்கள். இரண்டு நாளில் கணினிப் படம் வந்தது. கண்ணைப் பறிக்கும் படம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். வெள்ளைவெளேர் என்ற மேடை, பின்னால் கூரைவரை பாட்டில் அலமாரி, அடியில் நீல விளக்கு, மூன்று உயரமான ஸ்டூல். விலை 3,85,000 ரூபாய். வீட்டுக்காரர் படத்தைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு மண்டியில் எல்லோருக்கும் காட்டிவிட்டார்.

படத்தில் கதவு இல்லை. எனக்கு அது இரண்டாம் நாள்தான் உறைத்தது. எங்கள் அறைக் கதவு முப்பத்து மூன்று அங்குலம். உள்பக்கம் திறக்கும். படத்தின்படி ஸ்டூல்களைப் போட்டால், யாராவது கதவைத் திறக்கும்போதெல்லாம் கடைசி ஸ்டூல்காரரின் முதுகில் ஓர் அடி விழும். பிறகு மீதியையும் கூட்டிப் பார்த்தேன். பின்புற மேடை இருபத்து நான்கு அங்குலம், நிற்கும் இடம் இருபத்து நான்கு, முன்மேடை இருபத்து நான்கு. நிற்கும் இடத்தில் என் வீட்டுக்காரர் நின்றால் நின்றபடிதான். திரும்ப முடியாது. சின்னக் குளிர்பெட்டியின் கதவே பத்தொன்பது அங்குலம். அதைத் திறந்துகொண்டு குனிய வேண்டும் என்றால் அவர் முன்மேடை மேல் ஏறி உட்கார்ந்தால்தான் முடியும். பாட்டில் அலமாரியில் நாற்பத்தெட்டு பாட்டில் நிற்க இடம் இருந்தது. ஒரு வீட்டில் இவ்வளவுதான் வைத்திருக்கலாம் என்று சட்டத்தில் ஓர் அளவு உண்டு. இவர்களுடைய கையிருப்போ என்றைக்கும் நான்கைந்து பாட்டிலைத் தாண்டியதில்லை. மிச்ச இடத்தில் பினாயில் பாட்டிலையா அடுக்குவது?

குழாய் விஷயம் அதைவிட மோசம். கை கழுவும் தொட்டியை, குளியலறைச் சுவருக்கு நேர் எதிர்ச் சுவரில் போட்டிருந்தார்கள். கழிவுநீர்க் குழாய்க்கு ஓர் அடிக்குக் கால் அங்குலம் வாட்டம் வேண்டும். பத்தடிக்கு இரண்டரை அங்குலம். அந்த வாட்டத்துக்கு மொசைக் தரையை உடைக்க வேண்டும், அல்லது தரையை உயர்த்த வேண்டும். கேட்டதற்கு, "அதெல்லாம் சைட்டில் பார்த்துக்கொள்ளலாம் மேடம்" என்றார்கள்.

இருந்தாலும் மாதிரித் துண்டுகளை வாங்கி வைத்துக்கொண்டேன். பழக்கம் விடவில்லை. சோதனை செய்யாமல் எதையும் முடிவாக எழுதக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவள்.

வெள்ளை மேடைக்கல், குவார்ட்ஸ் என்று சொன்னது, உண்மையில் கல்தூளைப் பிசினால் பிணைத்துச் செய்வது. எங்கள் வீட்டிலோ கதவுக் கைப்பிடி, கைப்பேசி, ரூபாய் நோட்டு, தலையணை உறை எல்லாவற்றிலும் மஞ்சள் இருக்கும். ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. எங்கள் வீட்டுத் துணிகளுக்கு அது முப்பது வருடம் முன்பே கிடைத்துவிட்டது. மஞ்சளை எண்ணெயில் குழைத்துத் துண்டின் மேல் ஓர் இரவு விட்டேன். காலையில் துடைத்தால் வட்டமாகக் கறை. சோப்பு நீரைப் போட்டதும் அந்த வட்டம் சிவந்து போனது. காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும் என்பது எட்டாம் வகுப்புப் பாடம், ஆனால் நாலு லட்சத்துக்குப் பக்கத்தில் விலை சொன்னவர்களுக்கு அந்தப் பாடம் எடுக்க எனக்கு மனம் வரவில்லை. மஞ்சள் கறை வெயிலில் வைத்தால் வெளுக்கும். மேடையைக் கழற்றி மொட்டை மாடியில் காயப்போடவா முடியும்?

"பளிங்கு போடலாமே" என்று மகன் தொலைபேசியில் சொன்னான். பளிங்கு சுண்ணாம்புக்கல் வகை. எலுமிச்சம்பழச் சாறு ஒரு சொட்டு விழுந்தால் போதும், அமிலம் அரித்து மினுமினுப்பு போய்விடும். பாரில் எலுமிச்சை விழாத நாள் ஏது? கிரானைட்டை எலுமிச்சை ஒன்றும் செய்யாது. அலமாரிக்கு அவர்கள் தந்த பலகைத் துண்டை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு வைத்தேன். மறுநாள் அது ஊறிய ரஸ்க் போல உப்பியிருந்தது. மரத்தூளை அழுத்திச் செய்த பலகை. தண்ணீர் புழங்கும் இடத்துக்கு அதைக் கொடுத்தவர்களோடு மேற்கொண்டு பேச ஒன்றும் இல்லை. முன்பணம் கொடுக்காததால் சண்டையும் இல்லை.

அதன் பிறகு வந்தவர்தான் சித்தோடு பக்கத்து ஆசாரி. எங்கள் மண்டியின் கல்லாப்பெட்டியைச் செய்தவர். அறுபது வயதுக்கு ஒன்றிரண்டு குறையும். வருடா வருடம் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறவர், மதுவைத் தொடாதவர். குடிக்காத இரண்டு பேர் சேர்ந்து பார் கட்டிய கதை இது.

அறைக்குள் வந்தவர் டேப்பை வெளியே எடுக்கவே இல்லை. "கதவை ஒருமுறை மூடித் திறங்க டீச்சரம்மா" என்றார். திறந்தேன். இன்னொரு முறை என்றார். பிறகு, "இதை வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாற்றிவிடலாங்க, படிக்கட்டுப் பக்கம் இடம் சும்மாதானே கிடக்கிறது" என்றார். அரை நாள் வேலை, இரண்டு புதுக் கீல். அதோடு கிட்டத்தட்ட ஆறு சதுர அடி எங்களுக்குத் திரும்பக் கிடைத்தது. அடுத்து, இருப்பதிலேயே உயரமான பாட்டிலைக் கொண்டுவரச் சொன்னார். அதன் பிறகு வீட்டுக்காரரை நிற்க வைத்து, முழங்கையை மடக்கச் சொல்லி, தரையிலிருந்து முழங்கை வரை அளந்தார். நாற்பத்தோர் அங்குலம். பார் மேடை என்றால் நாற்பத்திரண்டு அங்குலம் என்று எல்லா வரைபடத்திலும் இருக்கிறது. அது நம்மைவிட நெடியவர்களுக்கு வகுத்த உயரம். நமக்கு அந்த உயரத்தில் தோள் தூக்கிக்கொண்டு நிற்கும். நாற்பது என்று முடிவு செய்தோம். உட்காரும் ஸ்டூல் இருபத்தொன்பது. இரண்டுக்கும் நடுவே பத்திலிருந்து பன்னிரண்டு அங்குலம் இருந்தால்தான் தொடை இடிக்காது. மேடையின் பலகை முன்பக்கம் ஒன்பது அங்குலமாவது நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் முழங்கால் சுவரில் முட்டும்.

இனி கோலப்பொடி. அறையில் முழு அளவில் வரைந்து பார்க்கலாம் என்று ஆசாரி சாக்பீஸ் கேட்டார். சாக்பீசுக்கு எங்கள் வீட்டில் பஞ்சமா? ஆனால் முப்பது வருடம் தேய்ந்து மெருகேறிய மொசைக் தரையில் அது வழுக்கிக்கொண்டு போனது, கோடு விழவில்லை. நான் போய்க் கோலப்பொடி டப்பாவை எடுத்து வந்தேன். அவர் அங்குலம் சொல்லச் சொல்ல நான் இழுத்தேன். பின் அலமாரி பதினாறு அங்குலம், நிற்கும் இடம் முப்பது, மேடை அகலம் பதினெட்டு, நீளம் எழுபத்திரண்டு. ஆளுக்கு இருபத்து நான்கு அங்குலம் வீதம் மூன்று பேர். அறையின் எட்டடியில் மீதி இருபத்து நான்கு அங்குலம் உள்ளே போய்வரும் வழி. மேடைக்குப் பதிலாக இஸ்திரி மேசையை நிறுத்தினோம்.

சனிக்கிழமை நால்வரையும் அங்கேயே உட்காரச் சொன்னேன். "கோலத்துக்குள்ளேயா?" என்று ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு பயபக்தியோடு நுழைந்தார். இரண்டாவது சுற்றுக்குப் பிறகு பக்தி போய்விட்டது. அதைத்தான் நானும் எதிர்பார்த்தேன். ஞாயிறு காலை ஆசாரி வந்ததும் இருவரும் அறை வாசலில் நின்று தரையைப் படித்தோம். சாக்பீஸ் கோடாக இருந்திருந்தால் அப்படியே இருந்திருக்கும். கோலப்பொடியோ, எங்கே இடம் போதவில்லையோ அங்கே கலைந்திருந்தது. உள்ளே போகும் வழியில் இரண்டு பக்கக் கோடும் காணோம். குளிர்பெட்டிக்குக் குறித்த இடத்துக்கு எதிரே, மேடையின் உள்கோட்டில் ஒரு பெரிய அரைவட்டம் அழிந்திருந்தது. வீட்டுக்காரர் குனிந்தபோது பின்புறம் பட்ட இடம். அதே நேரம் மேடையின் இரு முனைகளிலும் சில அங்குலம் தொடப்படாமல் இருந்தது.

மேடையை அறுபத்தாறு அங்குலமாகக் குறைத்தோம், ஆளுக்கு இருபத்திரண்டு. வழி முப்பது அங்குலம் ஆனது. நிற்கும் இடத்தை முப்பத்து நான்காக்கினோம். மறுபடியும் வரைந்து இன்னொரு சனிக்கிழமை பார்த்தோம். இந்த முறை கலைந்தது ஒரே இடம்தான். அது பூனை.

அந்த நிறுவனம் அறையை அளந்தது. ஆசாரி ஆட்களை அளந்தார். எனக்கு இந்த மதிப்புரையில் சொல்ல வேண்டியது இதுதான், மற்றதெல்லாம் பலகையும் ஆணியும்.

பலகையைப் பற்றியும் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். காங்கேயம் பக்கம் வீட்டுக்காரரின் அப்பாரு (தாத்தா) கட்டிய ஓட்டு வீட்டைப் பிரித்தபோது, ஆசாரத்தின் (முன்கூடத்தின்) மேலிருந்த தேக்கு உத்திரம் ஒன்றை மட்டும் விற்காமல் வைத்திருந்தோம். எட்டங்குலத்துக்கு ஆறங்குலம், நீளம் ஒன்பது அடி. மர அறுவை மில்காரர் அதைப் பார்த்ததும் ரம்பத்தைத் தொடவில்லை, காந்தத்தை எடுத்தார். பழைய உத்திரத்தில் ஆணி இருக்கும். ஏழு கொல்லுப்பட்டறை ஆணிகளைப் பிடுங்கினார். எட்டாவது ஒன்று உள்ளே ஒளிந்திருந்து ரம்பத்தின் பல்லை உடைத்தது. அதற்கு நானூறு ரூபாய் தனியாகக் கொடுத்தோம், நியாயம்தான். ஒன்றரை அங்குல கனத்தில் பலகைகள் விழுந்தபோது வந்த வாசனையை என்னவென்று சொல்வது? அத்தனை வருடம் அடுப்புப் புகை குடித்த மரத்துக்குள் இன்னமும் பச்சைத் தேக்கின் எண்ணெய் மணம் இருந்தது.

மூன்று பலகைகளைப் பக்கவாட்டில் ஒட்டும்போது, ஒன்றின் வளைய ரேகை மேலே பார்த்தால் அடுத்தது கீழே பார்க்கும்படி மாற்றி மாற்றி வைத்தார் ஆசாரி. மரம் வளைந்தாலும் ஒன்று வளைவதை மற்றொன்று சமன் செய்யும். கேட்டபோது, "மூன்று பங்காளிகளை ஒரே பக்கம் பார்க்க வைத்தால் வீடு தாங்காதுங்க" என்றார்.

எங்களுக்குள் தகராறு வந்தது பாலிஷில்தான். அவர் முப்பது வருடமாக அரக்கு பாலிஷ் போடுகிறவர். அவர் கையில் அரக்கு ஏறினால் தேக்கு கண்ணாடி ஆகிவிடும், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அரக்கை எதில் கரைத்துப் பூசுகிறோம்? ஸ்பிரிட்டில். இந்த மேடையில் ஊற்றப்போவதும் சிந்தப்போவதும் அதே எத்தனால். கரைத்துப் பூசியதை அது மறுபடியும் கரைக்காதா? அவர் நம்பவில்லை. துண்டுப் பலகையில் அரக்கு பூசித் தரச் சொன்னேன். காய்ந்த பிறகு வீட்டுக்காரரின் பிராந்தியிலிருந்து ஒரு ஸ்பூன் ஊற்றி அதன் மேல் டம்ளரை வைத்தேன். பத்து நிமிடம் கழித்து எடுத்தால் வெள்ளை வளையம் விழுந்திருந்தது, விரலை வைத்தால் ஒட்டியது. ஆசாரி அதை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "முப்பது வருடம் யாரும் இதன் மேல் சாராயம் ஊற்றவில்லைங்க" என்றார் கடைசியில். பிறகு பாலியூரித்தேன் பூச்சுக்குத் தனி ஆள் வந்து, முகமூடி போட்டுக்கொண்டு, மங்கலான மெருகில் ஐந்து பூச்சு அடித்தார். ஒரு வாரம் மாடிப் பக்கம் போக முடியாத நெடி. ஜன்னலைத் திறந்து போட்டு, வீட்டில் குழந்தை இல்லாத வாரமாகப் பார்த்துச் செய்யுங்கள்.

அலமாரிக்கு ஐ.எஸ். 710 தரத்துப் பிளைவுட், பத்தொன்பது மில்லிமீட்டர், ஏழு ஷீட். எட்டுக்கு நான்கடி ஷீட் ஒன்று 3,800 ரூபாய் ஆனது. எழுபத்திரண்டு மணி நேரம் கொதிநீரில் கிடந்தும் அடுக்குகள் பிரியாமல் இருக்க வேண்டும் என்பது அந்தத் தரத்துக்கான சோதனை. நானும் ஒரு துண்டை இட்லிக் குண்டானில் போட்டேன். காஸ் விலையை நினைத்து ஆறு மணி நேரத்தோடு அணைத்துவிட்டேன். அதுவரை பிரியவில்லை.

தொட்டியைக் குளியலறையோடு ஒட்டிய சுவர்ப் பக்கம் வைத்ததால் கழிவுக் குழாய் இரண்டடியோடு முடிந்தது, தரையில் ஓர் உடைப்பு இல்லை. தொட்டிக்குக் கீழே குழாயை வளைத்து, அந்த வளைவில் எப்போதும் தண்ணீர் நிற்கும்படி வையுங்கள். இல்லையென்றால் குளியலறை வாடை நேராக டம்ளருக்கு வந்துவிடும். தொட்டிக்குப் பக்கத்தில் எலுமிச்சை நறுக்க மூன்றடிக் கறுப்பு கிரானைட். கடையில் மிச்சமாகக் கிடந்த துண்டு, அதனால் மலிவு.

குளிர்பெட்டியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. நிறுவனத்தின் படத்தில் அதை அலமாரிக்குள் வைத்துக் கதவு போட்டு மூடியிருந்தார்கள், அழகுக்காக. உள்ளே இருக்கும் சூட்டை வெளியே தள்ளுவதுதான் அந்தப் பெட்டியின் வேலையே. தள்ளிய சூடு போக வழி வேண்டாமா? சித்திரையில் ஈரோடு நாற்பது டிகிரியைத் தொடும் ஊர். மூடி வைத்தால் மோட்டார் நிற்காமல் ஓடி, மின்கட்டணத்தை மண்டிக் கணக்கில்தான் எழுத வேண்டும். எங்களுடையது முகம் திறந்து நிற்கிறது. பின்னால் இரண்டங்குலம், மேலே மூன்றங்குலம் இடைவெளி.

காலை வைத்துக்கொள்ளக் குறுக்கே ஒரு குழாய் வேண்டும். இதைச் செலவு மிச்சம் என்று விட்டுவிடாதீர்கள். உயர ஸ்டூலில் கால் தொங்கினால் அரை மணி நேரத்தில் இடுப்பு கடுக்கும். தரையிலிருந்து எட்டங்குல உயரத்தில் வைத்தோம். பித்தளை கேட்டால் விலை மயக்கம் தந்தது. கோவை கணபதியில் லேத்து பட்டறை வைத்திருக்கும் உறவினர் துருப்பிடிக்காத எஃகில் ஒன்றரை அங்குலக் குழாயும் மூன்று தாங்கிகளும் கடைந்து அனுப்பினார். 6,800 ரூபாய். தாங்கிகளின் முனையில் யாரும் கேட்காமலேயே ஒரு சின்ன மொட்டு வைத்து அனுப்பியிருந்தார். கோயம்புத்தூர்க்காரர்களிடம் இரும்பைக் கொடுத்தால் சும்மா திருப்பித் தர மாட்டார்கள்.

விளக்கு மஞ்சள் ஒளி, 3000 கெல்வின், தட்டுகளின் முன்விளிம்புக்குப் பின்னால் ஒளித்தது. நிறம் மாறும் நீல விளக்குக்கு நான் சம்மதிக்கவில்லை. அதற்குக் கல்யாண மண்டப வாசல் போதும். அலமாரிக்குப் பின்னால் முழுக் கண்ணாடி. அறை இரண்டு மடங்காகத் தெரியும் என்று எல்லோரும் சொல்கிறார்கள், தெரிகிறது. நான் வைத்த காரணம் வேறு. மூன்றாவது பெக் ஊற்றுகிறவர் தன் முகத்தைத் தானே பார்க்கட்டும் என்று வைத்தேன். பேரப்பிள்ளைகள் வரும் வீடு என்பதால் கீழ்த்தட்டு முழுவதற்கும் பூட்டு. சாவி என்னிடம்.

ஆசாரியைப் பற்றிக் குறைகளும் உண்டு, மறைக்க மாட்டேன். எழுத்தில் மதிப்பீடு தரமாட்டார். "பார்த்துச் செய்துகொள்ளலாங்க" என்பதுதான் அவருடைய ஒப்பந்தம். ஆடியில் புது வேலை தொடங்கக் கூடாது என்று ஆனி கடைசி நாளில் அவசரமாகத் தேங்காய் உடைத்து ஒரு பலகையை அறுத்து வைத்தார். (பாருக்குப் பூஜையா என்று கேட்டேன். உளிக்குத்தான் பூஜை என்றார்.) பிறகு ஆடிப் பதினெட்டுக்குப் பவானி கூடுதுறை போனவர், தொடர்ந்து ஊரில் மாரியம்மன் நோம்பி, மச்சினன் வீட்டு வளைகாப்பு என்று ஒன்பது நாள் வரவில்லை. அந்த ஒன்பது நாளும் மரத்தூள் என் சாம்பார் வரைக்கும் வந்தது. தட்டுகளுக்கு நடுவே பதினான்கு அங்குலம் வேண்டும் என்று பாட்டிலை வைத்து அளந்தவரே, ஒரு தட்டை மட்டும் பன்னிரண்டரையில் அடித்துவிட்டார். அங்கே உயரமான பாட்டில் நிற்காது. நடு இழுப்பறை மழைநாளில் உப்பிக்கொண்டு இழுத்தால் வராது, தட்டினால் வரும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தருகிறேன் என்று சொல்லி நான்கு மாதம் ஆகிறது.

செய்முறைத் தேர்வாக இருந்தால் ஐம்பதுக்கு நாற்பத்தொன்று போடுவேன். ஒன்பது மதிப்பெண் ஏன் போனது என்று அவருக்குத் தெரியும், நாளுக்கு ஒன்று.

கணக்கைச் சொல்கிறேன். ஆசாரிக்கு நாளுக்கு 1,300, கையாளுக்கு 900, பதினேழு நாள். பூச்சுக்கு 16,000. முதுகு சாய்மானம் உள்ள ஸ்டூல் மூன்றும் 16,500. குளிர்பெட்டி, கண்ணாடி, மின்வேலை எல்லாம் சேர்த்து 1,63,000 ரூபாயில் முடிந்தது. உத்திரத்துக்கு விலை போடவில்லை. இல்லாதவர்கள் பழைய மரக்கடையில் தேடினால் கிடைக்கும், புதுத் தேக்கைவிட அதுதான் ஆடாமல் அசையாமல் நிற்கும்.

புழங்க ஆரம்பித்து ஆறு மாதம் ஆகிறது. மேடையில் ஒரு வளையம் விழவில்லை. பள்ளிபாளையம் சிக்கனின் எண்ணெய், எலுமிச்சை, மஞ்சள், ரம் எல்லாம் சிந்தியாகிவிட்டது, ஈரத்துணியால் துடைத்தால் போகிறது. நண்பர்களில் மூத்தவருக்கு முழங்கால் வலி, ஸ்டூலில் ஏற முடியவில்லை. அவருக்கு ஜன்னலோரம் ஒரு பிரம்பு நாற்காலியும் சின்ன முக்காலியும் போட்டோம். இப்போது மற்ற இரண்டு பேருக்கும் அந்த நாற்காலி மேல் கண். இதைக் கோலப்பொடி காட்டிக் கொடுக்கவில்லை, நான்தான் கவனித்திருக்க வேண்டும். அன்றைக்கு மூவரும் பிளாஸ்டிக் நாற்காலியில் அல்லவா உட்கார்ந்திருந்தார்கள்? உயரத்தைச் சோதிக்காமல் விட்டது என் தவறு. உங்கள் வீட்டில் செய்வதாக இருந்தால் எங்காவது ஒரு ஸ்டூலைக் கடன் வாங்கி, வரப்போகிறவர்களை ஏற்றி இறக்கிப் பாருங்கள்.

பகலில் அந்த அறை என்னுடையது. ஐஸைக் கண்ணாடி போல உறைய வைக்கக் கற்றுக்கொண்டேன். ஹாட்பாக்ஸை மூடி இல்லாமல் உறைபெட்டியில் வைத்தால் தண்ணீர் மேலிருந்து கீழாக உறையும். காற்றுக் குமிழியெல்லாம் அடியில் போய்ச் சேரும். அடிப்பகுதியை வெட்டி எறிந்துவிட்டால் மேலே இருப்பது தெளிந்த பளிங்கு. அதில் ஒரு கட்டி, நன்னாரி, எலுமிச்சை, ஒரு சிட்டிகை உப்பு. பன்னிரண்டரை அங்குலத் தட்டில் நன்னாரி சர்பத் பாட்டில் கச்சிதமாக நிற்கிறது. ஆசாரி தெரிந்தேதான் அப்படி அடித்தாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம். கேட்டால், "ஆமாங்க டீச்சரம்மா" என்றுதான் சொல்வார், அதனால் கேட்கவில்லை. இழுப்பறையைப் பற்றி மட்டும் போன வாரம் கேட்டேன். பங்குனி உத்திரம் முடியட்டும் என்றார்.